காலாண்டு நிறைவும் மதிய உணவுப் பைகளும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவுற்றன. தேர்ச்சி பெரும்பாலான வகுப்புகளில் மனநிறைவளிக்கிறது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் பரிசு பெற்றுள்ளனர். அனைவருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டைகளை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இந்தப் பருவத்தில் ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி பேசப்பட்ட ஒரு செய்தியைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். கடைகளில் வாங்கிய இட்லியும் தயிர்ச்சாதமும் பாலித்தீன் தாளில் மடிக்கப்பட்டு, சூடான சாம்பார் நூலால் கட்டிய மெல்லிய கவரில் ஊற்றப்பட்டுப் பிள்ளைகளின் பைகளில் வருகின்றன. முடிச்சு அவிழாததால் பிள்ளைகள் கவரின் மூலையைப் பல்லால் கடித்துத் திறக்கிறார்கள். உண்டு முடித்ததும் அது சுற்றுச்சுவரைத் தாண்டி வாய்க்காலில் விழுகிறது. சாப்பாட்டு வாசனைக்காக மாடுகள் அதைத் தின்பதையும் பார்க்கிறோம். பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடுத்துக்கொள்ளாத இந்தக் கவர்கள் மதகில் சேர்ந்து அடைத்துக்கொண்டதால், அண்மையில் ஒரு நாள் மழைக்கே விளையாட்டுத் திடலில் தண்ணீர் வடியாமல் நின்றது. ஐப்பசி அடைமழை இனிமேல்தான் வரவிருக்கிறது.

குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றாக வரும் இந்நாட்களில், விடியுமுன் வயலுக்குக் கிளம்பும் தாய்மார்களிடம் வீட்டிலேயே சமைத்து அனுப்புங்கள் என்று கேட்பது நியாயமாகாது. கடையில் வாங்குவதில் எங்களுக்கு மறுப்பில்லை. வாங்கப் போகும்போது ஒரு டிபன் பாக்ஸும் சாம்பாருக்குச் சிறு தூக்கும் கொண்டுசெல்லுங்கள் என்பதே வேண்டுகோள். பார்சல் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வாழையிலையில் கட்டச் சொல்லலாம். வாழைக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுப்பவர்கள் அதைத் தனித்தனிக் கவர்களில் போட்டுத் தராமல், ஒரே டப்பாவில் கொண்டுவந்து கையில் வழங்கினால் போதுமானது. காகிதக் குவளையும் தட்டும் தீங்கற்றவை என்று சில பெற்றோர் கருதுகிறார்கள். அவற்றின் உட்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் அவையும், உணவு மடிக்கும் பிளாஸ்டிக் தாளும் இருக்கின்றன. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது; நம் வீடுகளிலோ கல்யாணத்தில் கிடைத்த தாம்பூலப் பைகள் ஆணியில் மாட்டியபடியே இருக்க, கடைத்தெருவிலிருந்து தினமும் புதிய கவர்கள் வந்து சேர்கின்றன.

இதைப் பற்றிப் பேசிய வகுப்பாசிரியர் ஒருவரிடம், “பாடம் நடத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்” என்று ஒரு பெற்றோர் கூறியதை என்னால் ஏற்க இயலாது. பள்ளிச் சுவரையொட்டிக் குப்பையைப் பாலித்தீனோடு சேர்த்துக் கொளுத்துவதும் உடனே நிற்க வேண்டும். அந்தப் புகையில் நச்சுப் பொருட்கள் கலந்திருக்கின்றன. வகுப்பறைக்குள் அது பரவும்போது இழுப்பு உள்ள பிள்ளைகள் மூச்சுவிடச் சிரமப்படுகிறார்கள். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா என்று ஆண்டுதோறும் கவலைப்படும் நாம், வந்த தண்ணீர் வடியும் வழியை நம் கையாலேயே அடைப்பது முறையல்ல. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் முதல், கவரில் வரும் உணவைப் பள்ளித் தட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் கவரைக் கழுவி மாணவரிடமே திருப்பி அனுப்புவோம். எந்தப் பிள்ளையும் இதனால் பசியோடு இருக்கவோ, மற்றவர் முன் தலைகுனியவோ நேராது.

மதகை அடைத்திருந்தவற்றை மண்வெட்டியோடு வந்து அள்ளிய பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும், நாங்கள் சொல்லும் முன்பே தூக்கில் உணவு அனுப்பிவரும் குடும்பங்களுக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி. வீட்டில் உபரியாக உள்ள எவர்சில்வர் டப்பாக்களைத் தர விரும்புவோர் அலுவலகத்தில் ஒப்படைக்கலாம்; தேவைப்படும் மாணவர்களுக்கு அவற்றை வழங்குவோம். இக்கடிதத்தைப் படித்ததற்கு அடையாளமாக மாணவர் நாட்குறிப்பில் கையொப்பமிட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்