பெல் கிராண்ட் தொகை எங்கள் கவுண்டரில் முடிவாவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூஜெர்சியில் ஒரு கவுண்டி கல்லூரியின் (மாவட்ட அளவிலான சமுதாயக் கல்லூரி) நிதியுதவி அலுவலகத்தில் 2012 முதல் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். காலையில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் உங்கள் நாளிதழைப் போனில் படிப்பது பல வருடப் பழக்கம். அமெரிக்கப் படிப்பு என்றாலே விசா, எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு சம்பளம் என்றுதான் செய்திகள் வருகின்றன. இங்கேயே குடியேறி, கிடங்கிலும் கடையிலும் வேலை பார்த்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிற தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களில் ஒரு தாய் 2024 கோடையில் என் கவுண்டருக்கு வந்தார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கணவருக்கு ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட். அந்தத் தாய்க்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மகள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. மகன் எங்கள் கல்லூரியில் அப்போதுதான் சேர்கிறான். கையிலிருந்த தாளை நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அக்கா, மூத்தவளுக்குத்தான் ஒண்ணும் கிடைக்கலை. ரெண்டாவது ஆளும் காலேஜ் சேர்ந்தா கணக்கைப் பாதியாக்கிடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்களே. நீங்கதானே போடுறீங்க, கொஞ்சம் பார்த்துப் போடுங்க.”

அவருக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வருடம் வரை அப்படித்தான் இருந்தது. மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவத்தை நிரப்பினால் ‘உங்கள் குடும்பம் இவ்வளவு தாங்கும்’ என்று ஓர் எண் வரும். 9,000 டாலர் என்று வந்து, வீட்டில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால், தலைக்கு 4,500 என்று பிரிப்பார்கள். 9,000 என்றால் பெல் கிராண்ட், அதாவது வசதி குறைந்த மாணவருக்கு மத்திய அரசு தரும் மானியம், கிடையாது. 4,500 என்றால் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 3,000 டாலர் கிடைக்கும். திருப்பிக் கட்ட வேண்டாத பணம் அது. 2024-25 கல்வியாண்டிலிருந்து அந்தப் பிரிப்பே இல்லை.

அதை எடுத்தது எங்கள் கல்லூரி இல்லை. 2020 டிசம்பர் 27 அன்று அதிபர் கையெழுத்திட்ட ஒரு சட்டம். அரசுச் செலவுக்கான ஒதுக்கீடும் கொரோனா நிவாரணமும் சேர்ந்த அந்த மசோதா 5,593 பக்கம். அதற்குள் ஃபாஃப்சாவை எளிமையாக்கும் சட்டமும் இருந்தது. நல்லதும் செய்தது, மறுக்கவில்லை: நூறுக்கும் மேல் இருந்த கேள்விகள் பாதிக்கும் கீழே குறைந்தன, மிகக் குறைந்த வருமானக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தொகை கூடியது. அதே சட்டத்தின் இன்னொரு மூலையில் இந்தத் தாயின் இரண்டு பிள்ளைகளுக்கான பிரிப்பு போய்விட்டது. நாடாளுமன்றம் அதை முடிவு செய்த நாளில் அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தான்.

வேலை போய்விட்டது, பெரிய மருத்துவச் செலவு வந்துவிட்டது என்று காட்டினால், படிவத்தில் உள்ள வருமான எண்ணைத் திருத்த எங்களுக்கு அதிகாரம் உண்டு. அதையும் சட்டமே தருகிறது. கணக்குப் போடும் முறையில் கை வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. இதை அவரிடம் சொன்னபோது, “அப்ப யார்கிட்ட கேக்கறது?” என்றார். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் தமிழ்த் தாய் அவர்தான்.

நாடாளுமன்றத்திடம்தான் கேட்க வேண்டும். அந்தப் பதிலை உங்கள் வாசகர்களுக்கும் விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். 1965 நவம்பர் 8 அன்று லிண்டன் ஜான்சன் தாம் படித்த டெக்சஸ் சான் மார்க்கோஸ் கல்லூரிக்கே போய் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். துப்புரவு வேலை பார்த்துக்கொண்டு அங்கே படித்தவர் அவர். இன்றைக்கும் மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்கு வேர் அந்தச் சட்டம்தான். 1972 திருத்தத்தில் ஏழை மாணவருக்கான நேரடி மானியம் வந்தது. பிறகு ரோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சட்டத்தை முழுதாகப் பரிசீலித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கடைசியாக அது நடந்தது 2008இல். அதற்குப் பிறகு பெரும்பாலான பெரிய மாற்றங்கள் பட்ஜெட் மசோதாக்களின் உள்ளே, வேறு ஆயிரம் விஷயங்களோடு சேர்ந்துதான் வருகின்றன. மாணவர் உதவி பற்றிய செய்தி என்று தலைப்புப் போட்டு அது வராது. பெற்றோர் கண்ணில் படாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடமே அப்படி ஒன்றைப் பார்த்தேன். ஒருவர் வாழ்நாளில் 18 செமஸ்டர் பெல் வாங்கலாம் என்றிருந்ததை 12 ஆக்கினார்கள். 2012 ஜூலை 1 முதல் அமல். அதற்கு முன் வாங்கியதையும் சேர்த்தே கணக்கு. இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, விட்டு விட்டுப் படித்த ஒரு பெண்மணி, படிப்பை முடிக்க இரண்டு செமஸ்டர் மிச்சமிருந்தபோது கவுண்டரில் நின்றார். அவருக்குக் கொடுக்க என்னிடம் லோன் படிவத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் நாடாளுமன்றத்தில் எல்லாமே நம் தலைக்கு மேல் நடக்கிற காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 மே 22 அன்று பிரதிநிதிகள் சபையில் பெரிய பட்ஜெட் மசோதா 215-214 என்று ஒரே ஓட்டில் நிறைவேறியது. முழுநேர மாணவர் என்பதற்கு வருடத்துக்கு 24 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) போதும் என்றிருப்பதை அது 30 ஆக்கியிருந்தது. பாதிநேரத்துக்கும் குறைவாகப் படிப்பவருக்குப் பெல்லே கிடையாது என்றும் சொன்னது. எங்கள் கல்லூரியில் இதன் பொருள் என்ன தெரியுமா? நியூஜெர்சியில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காது. பங்கில் ஆள் நின்று போட வேண்டும். இரவு பங்கில் நின்றுவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிற மாணவர்கள் எங்களிடம் உண்டு. ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட்டே அவர்களுக்கு மலை. அந்த மசோதாப்படி 15 எடுக்க முடியாவிட்டால், பெல்லின் வருட உச்சத் தொகையான 7,395 டாலர் வாங்குகிறவருக்கு 5,916தான் வந்திருக்கும். அந்த 1,479 டாலர் வித்தியாசத்தில் படிப்பு நின்றுபோகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நாட்டிலுள்ள சமுதாயக் கல்லூரிகளின் சங்கமும் நிதியுதவி அலுவலர்களின் சங்கமும் இதை எதிர்த்தன. மாணவர்களும் பேசினார்கள். நானும் அலுவலக நேரத்துக்கு வெளியே, என் சொந்தப் பெயரில், எங்கள் இரண்டு செனட்டர்களுக்கும் எழுதினேன். செனட் தன் மசோதாவில் அந்த 30 கிரெடிட் விதியைச் சேர்க்கவில்லை. ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்திலும் அது இல்லை. என் கடிதத்தால் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு சபையில் நிறைவேறிய விதியை இன்னொரு சபையில் நிறுத்த முடிந்தது என்பதை மட்டும் கண்ணால் பார்த்தேன்.

அதே சட்டத்தில் வேறு பல விதிகள் நிற்கவே செய்தன. பெற்றோர் பிள்ளைக்காக வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனைப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு, 2026 ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு. மேற்படிப்புக்கு இருந்த கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இல்லை. மேற்படிப்புக்கு வருடம் 20,500, மொத்தம் 1,00,000 டாலர்; தொழிற்பட்டம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட படிப்பானால் வருடம் 50,000, மொத்தம் 2,00,000.

எது தொழிற்பட்டம்? இதில்தான் சட்டத்துக்கு அடுத்த கட்டம் தெரிகிறது. நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகு, கல்வித் துறை அதற்கு விதி எழுத வேண்டும். மாணவர் உதவி விஷயத்தில் கல்லூரிகள், மாணவர்கள், கடன் வாங்கியோர் தரப்பினரை உட்கார வைத்துப் பேசித்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். 2025 நவம்பரில் அந்தக் குழு ஒப்புக்கொண்ட வரையறையில் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம், இறையியல் எல்லாம் இருந்தன, நர்சிங் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் நர்சிங் படிக்கிறார்கள்! இப்படி எழுதும் விதிகளை அரசிதழில் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக்கு நாள் குறிப்பார்கள். ரெகுலேஷன்ஸ் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். குடியுரிமை கேட்பதில்லை. எச்1பி விசாவில் இருப்பவர்களின், இங்கே பிறக்காத பிள்ளைகளுக்குக் கிரீன் கார்டு வரும்வரை மத்திய அரசு உதவி எதுவும் கிடைக்காது. அதனால் ‘இது நமக்கில்லை’ என்று அவர்கள் ஒதுங்குகிறார்கள். நாளைக்கு வாங்கப்போகிறவர்கள் இன்றைக்கே எழுதலாமே.

பெல் தொகையின் பெரும்பகுதி ஒவ்வொரு வருடமும் ஒதுக்கீட்டு மசோதாவில் புதிதாக முடிவாகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. 2026 நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகையின் முன்மொழிவு, உச்சத் தொகையை 7,395இலிருந்து 5,710 ஆக்கச் சொன்னது. முன்மொழிவு வேறு, சட்டம் வேறு. இரண்டுக்கும் நடுவிலே இருக்கும் மாதங்கள்தான் பேச வேண்டிய காலம். உங்கள் உறுப்பினர் யாரென்று தெரியாவிட்டால் 202-224-3121 என்ற நாடாளுமன்றத் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, மாநிலத்தையும் ஊரையும் சொன்னால் இணைப்பார்கள். போன் எடுப்பவர் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையாக இருக்கலாம். பயப்பட எதுவும் இல்லை. மசோதாவின் எண், நீங்கள் குடியிருக்கும் ஊர், உங்கள் வீட்டில் நடந்தது. இவ்வளவு போதும். யாரோ எழுதிக் கொடுத்த வாசகத்தை அப்படியே அனுப்புவதைவிட, ‘என் மகனுக்கு இத்தனை டாலர் குறைந்தது, அதனால் இந்த வகுப்பை விட்டான்’ என்ற நாலு வரிக்கு மதிப்பு அதிகம்.

நம்மவர்கள் இதைச் செய்யாததற்கு ஆங்கிலம் காரணமென்று நான் நினைக்கவில்லை. கூச்சம்தான் காரணம். உதவி வாங்குகிறோம் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது. பொங்கல் விழாவில் என்னைப் பார்த்தால் சிலர் தெரியாதவர்போல் நகர்ந்துவிடுவார்கள். கவுண்டரில் சந்தித்தது நினைவுக்கு வந்துவிடுமாம். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, பாசம்தான். ஆனால் எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு நான் போனபோது, அங்கிருந்த உதவியாளர் மரியாதையாகவே கேட்டார்: “இந்தியக் குடும்பங்களுக்குப் பெல் தேவைப்படுகிறதா என்ன?” நாம் எல்லோரும் டாக்டர், இன்ஜினியர் என்று அவர் நினைத்திருக்கிறார். அப்படியில்லை என்று சொன்னவர்கள் யாருமில்லை.

அடுத்த முறை போனபோது அந்தத் தாயையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் இரவு தமிழிலேயே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். மகள் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆங்கிலத் தாளை வாங்கிக்கொண்ட உதவியாளர், “அது என்ன?” என்று இன்னொரு தாளைக் காட்டிக் கேட்டார். அம்மாவின் கையெழுத்து என்றேன். அதையும் ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைத்தார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
எடிசன், நியூஜெர்சி