முதலில் பார்த்தவன்

பெத்னல் கிரீன், லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயும் போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் கையில் வந்து சேர்ந்தன. நாலு மாதமாக ஒரு வரி கூட எழுதாமல் இருந்தது தப்புதான். வாரா வாரம் போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன்.

பம்புசெட் மோட்டார் திருட்டுப் போனதையும், நமக்குத் தண்ணீர் பாய்ச்சும் மாடசாமி அண்ணன் மேல் சித்தப்பா சந்தேகப்படுவதையும் படித்தேன். அதற்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் இங்கே என்னைப் பிடித்து ஆட்டுகிற ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொலை சமாச்சாரம், அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது. ராத்திரி ஹீட்டர் போடாமல் ரெண்டு போர்வையோடு படுத்தால் நன்றாகவே தூக்கம் வருகிறது. வேலைக்கு விடியற்காலை 4 மணிக்கு நிற்க வேண்டும். பஸ் இருக்கிறது, ஆனாலும் நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லது.

கீழ் வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சுவர் முழுக்கப் பழைய ஒயிட்சேப்பல் வரைபடங்கள். 1888-இல் இந்தப் பக்கத்தில் ஏழைப் பெண்களை வரிசையாகக் கொன்றவனை, ஜாக் தி ரிப்பர் என்பார்களே, இன்று வரை யாரென்று கண்டுபிடிக்கவில்லை. பெரியவருக்குச் சந்தேகமே கிடையாது, சார்லஸ் லெச்மியர்தான் என்கிறார். நான் வேலைக்குப் போகும் வழியைக் கேட்டவர், “அது அவன் நடந்த வழி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து ஞாயிறு தோறும் அவர் வீட்டில்தான் டீ.

லெச்மியர் பாரவண்டி ஓட்டியவர். பிராட் ஸ்ட்ரீட் ரயில்வே ஸ்டேஷனில் பிக்ஃபோர்ட்ஸ் கம்பெனிக்கு 20 வருஷம் போல வேலை. 1888 ஆகஸ்ட் 31, விடியற்காலை 3.30 வாக்கில் டவ்டன் ஸ்ட்ரீட் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். பக்ஸ் ரோ என்ற இருட்டுத் தெருவில் ஒரு கதவோரம் என்னவோ கிடக்கிறது, தார்ப்பாய் என்று நினைத்தாராம். கிட்டே போனால் ஒரு பெண். கொலையான மேரி ஆன் நிக்கல்ஸ், வயது 43. படுக்கைக்குக் கொடுக்க 4 பென்ஸ் இல்லை என்று அன்று ராத்திரி விடுதியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவள். அப்பா, கொலையை விட அந்த 4 பென்ஸ்தான் எனக்கு ராத்திரியில் நினைவுக்கு வருகிறது.

பின்னாலேயே ராபர்ட் பால் என்ற இன்னொரு வண்டிக்காரர் வருகிறார். ரெண்டு பேரும் தொட்டுப் பார்க்கிறார்கள். பால், மூச்சு இருக்கிற மாதிரி தெரிகிறது, தூக்கி உட்கார வைக்கலாம் என்றிருக்கிறார். லெச்மியர் தூக்க மறுத்துவிட்டார். வேலைக்கு நேரமாகிறது, வழியில் போலீஸ்காரரைப் பார்த்தால் சொல்லிவிடலாம் என்று நடந்துவிட்டார்கள்.

பெரியவர் சொல்லும் வழக்கு இதுதான். வீட்டிலிருந்து அந்த இடம் ஏழு நிமிஷ நடை. 3.30-க்குக் கிளம்பியவர் 3.40-க்கு மேலும் ஏன் அங்கே நின்றார்? மரண விசாரணையில் சார்லஸ் கிராஸ் என்று வேறு பேர் கொடுத்திருக்கிறார். வழியில் பார்த்த மைசன் என்ற கான்ஸ்டபிளிடம், அங்கே ஒரு போலீஸ்காரர் உம்மைக் கூப்பிடுகிறார் என்று சொன்னதாக மைசன் சாட்சி சொல்ல, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று லெச்மியர் மறுத்தார். அடுத்த வாரம் ஆனி சாப்மன் என்ற இன்னொரு பெண் கொல்லப்பட்ட ஹான்பரி ஸ்ட்ரீட்டும் அவர் வேலைக்குப் போகும் வழியில்தான்.

கேட்கும்போது பயமாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் 32 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். ராத்திரி கேஸ் கட்டைத் திண்ணையில் பிரித்து வைத்துக்கொண்டு, “இது கோர்ட்டில் நிற்காது” என்று நீங்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். நேரக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 3.30 என்பது அவரே குத்துமதிப்பாகச் சொன்னது. அந்தக் காலத்து வண்டிக்காரருக்கு ஐந்து நிமிஷம் முன்னே பின்னே என்பது ஒரு கணக்கா? இருட்டில் நழுவியிருக்கலாம், நழுவாமல் நின்று வருகிறவரை அவரே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். பேர் விஷயத்தில் நான் பெரியவரோடு சண்டையே போட்டேன். கிராஸ் என்பது அவரை வளர்த்த மாற்றாந்தகப்பன் பேர். அந்தப் பேரோடு வீட்டு விலாசத்தையும் வேலை செய்யும் இடத்தையும் சரியாகக் கொடுத்திருக்கிறார். ஒளிய நினைக்கிறவன் விலாசம் கொடுப்பானா? என் பாஸ்போர்ட்டில் உங்கள் பேர்தான் குடும்பப் பேர் என்று இருக்கிறது. இங்கே எல்லோரும் என்னை சுப்பையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். குமார் என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

மைசன் சொன்னது மட்டும் எனக்கும் உறுத்துகிறது. ரெண்டில் ஒருவர் சொன்னது சரியில்லை. அதை வைத்து ஒரு மனுஷனைக் கொலைகாரன் என்று சொல்லிவிட முடியுமா? அவர் மேல் வழக்கே வரவில்லை. குடும்பத்தோடு வாழ்ந்து 1920-இல் இறந்திருக்கிறார். பதில் சொல்ல அவரும் இல்லை, அவர் தரப்பில் பேச ஒரு வக்கீலும் இல்லை.

பக்ஸ் ரோவுக்கு இப்போது டர்வர்ட் ஸ்ட்ரீட் என்று பேர். பழைய பள்ளிக்கூடக் கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது. பிராட் ஸ்ட்ரீட் ஸ்டேஷனை 1986-இல் மூடிவிட்டார்கள், அந்த இடத்தில் எழும்பிய ஆபீஸ் கட்டடங்களில் ஒன்றில்தான் எனக்கு வேலை. ஜனவரியில் ஒரு விடியற்காலை, அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு துணி மூட்டை கிடந்தது. கிட்டே போனால் ஆள். என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா அப்பா? இன்றைக்கு லேட்டானால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்பதுதான். அப்புறம் போன் பண்ணி ஆம்புலன்ஸ் வரும் வரை நின்றேன். பனியில் வழுக்கி விழுந்தவர், பிழைத்துக்கொண்டார். போலீஸ்காரர் பேர் கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. “சுப்பையா” என்றேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று அப்போது நினைத்த அளவுக்கு நான் எப்போதும் நினைத்ததில்லை.

அதனால்தான் கேட்கிறேன். மோட்டார் இல்லாததை முதலில் பார்த்து, ஓடி வந்து சொன்னது மாடசாமி அண்ணன். அந்த நேரத்தில் தண்ணீர் பாய்ச்ச அவர்தானே போவார், வேறு யார் போவார்கள்? ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் கரண்டு வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பா ஸ்டேஷனில் புகார் கொடுக்கட்டும், ஆனால் அண்ணன் பேரை அதில் எழுத வேண்டாம். நீங்கள் சொன்னால் சித்தப்பா கேட்பார். முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தடவை அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மா கையால் காபி கொடுக்கச் சொல்லுங்கள்.

புது மோட்டாருக்கு என் பங்கை அனுப்புகிறேன். இந்த மாதம் கொஞ்சம் செலவு வந்துவிட்டது, அடுத்த மாதம் ரெண்டாகச் சேர்த்துப் போடுகிறேன். வள்ளி காலேஜ் பீஸுக்குக் கடைசித் தேதி எது என்று எழுதுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

ஊறுகாய் பாட்டிலை இன்னும் திறக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அன்பு மகன்,
குமார்