ஹங்வெல்லவில் தோட்டம் தொடங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீயும் மனைவியும் அம்மாவுமாகச் சேர்ந்து இரசாயனம் போடாத மரக்கறித் தோட்டம் செய்யப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல சந்தோஷம். விதை வாங்குவதற்கு முதல் ஒரு வேலை செய். உன் மரக்கறியைச் சமைக்கப்போகிற குடும்பங்களைத் தேடிப் பிடி.

2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியது, நவம்பரில் பின்வாங்கியது. இடையில் நெல் செய்தவர்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். இப்போதும் சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், என்றாலே பலருக்கு அந்த வருடம்தான் ஞாபகம் வருகிறது. லேபிள் ஒட்டி அந்தப் பயத்தைப் போக்க முடியாது. கொழும்பில் எங்கள் வெள்ளவத்தைச் சனம் பிள்ளைகளோடு வந்து உன் பாத்தியையும் கூட்டெருக் குவியலையும் பார்க்கட்டும்.

காசு விஷயத்தில் கூச்சப்படாதே. சீட்டுப் பிடித்துப் பழகிய சனம் நாங்கள். மாதத் தொடக்கத்தில் குடும்பங்களிடம் காசு வாங்கு, வாரம் ஒரு பை மரக்கறி கொடு. பேலியகொட மொத்தச் சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் பையின் விலை அதேதான். மழையில் கீரை அழுகினால் அந்த வாரம் பை சிறுக்கும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடு. ஜப்பானில் 1970களிலேயே குடும்பங்கள் இப்படி விவசாயிகளோடு நேரடியாகச் சேர்ந்து நட்டத்தையும் பங்குபோட்டன.

கரட்டையும் லீக்ஸையும் நுவரெலியாவுக்கு விட்டுவிடு. உன் மண்ணுக்குக் கங்குன் கீரை, பசளிக் கீரை, வல்லாரை, பயற்றை, புடோல், பாகல் போதும். அந்தப் பக்கத்து மண் பெரும்பாலும் புளிப்பு, ஆகவே பரிசோதித்துவிட்டு, புளிப்பைக் குறைக்கிற டொலமைட் தூள் போடு. வேலிக்குக் கிளிசரியா மரம் நடு, அதன் தழை நல்ல பசளை. பாகற்பிஞ்சுக்குப் பழ ஈ வராமல் கடதாசிப் பை கட்டவேண்டும். அம்மாவின் பொறுமைக்கு ஏற்ற வேலை.

எனக்குப் பெரிய யோசனை ஐப்பசியைப் பற்றித்தான். கந்தசஷ்டி, பாறணை என்று எங்கள் வீடுகளில் மரக்கறி கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அங்கே மழை கொட்டும். கீரைக்கு மேலே பொலித்தீன் பந்தல் போடு, பாத்திகளை உயர்த்து, வாய்க்காலை ஆழமாக வெட்டு. நீற்றுப்பூசணியை முன்கூட்டியே பறித்து வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். அப்புறம், பக்கத்துச் சிங்களக் குடும்பங்களின் வளவுகளில் ஈரப்பலா, வாழைப்பூ, பலாப்பிஞ்சு எது இருந்தாலும் நியாயமான விலை கொடுத்து வாங்கிப் பையில் சேர். அவர்களும் இந்தத் தோட்டத்தின் பங்காளிகளாக இருக்கவேண்டும். மாட்டெருவுக்கும் அவர்களிடம்தான் போகப்போகிறாய்.

வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க நினைக்காதே, ஆட்டோக் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். எங்கள் அடுக்குமாடியின் கீழே பைகளை வைக்க இடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்கள். மேல்மாடிக் குடும்பங்கள் சிலவும் சேரத் தயார். சனிக்கிழமை காலை உனக்குச் சரிவருமா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அக்கா