அம்மாவின் தைராய்டும் என் தைராய்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தைராய்டு கட்டுரையில் மாத்திரையை வெறும் வயிற்றில் போடுவது பற்றி எழுதியிருந்ததெல்லாம் சரி. ஆனால் ‘தாய் தந்த நோய்’ என்று தலைப்பிட்டதும், இரத்தத்தில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) எண் ஏற ஏற நோய் முற்றுகிறது என்று எழுதியதும் உறுத்தின. பதினாறு வருடமாகத் தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு கிரேவ்ஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தூண்டி அளவு மீறிச் சுரக்க வைக்கும் நோய். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தால் பாதி தரையில் இருக்கும். எனக்கு ஹாஷிமோட்டோ, அதே எதிர்ப்புச் சக்தி சுரப்பியைச் சிதைத்துச் சுரப்பைக் குறைத்துவிடும் நோய். உடம்பு ஊதி, குரல் தடித்து, உட்கார்ந்த இடத்தில் தூக்கம். அதே சுரப்பி, நேர் எதிரான கோளாறு. அம்மாவிடமிருந்து நோயே வந்திருந்தால் எனக்கும் கை நடுங்கியிருக்க வேண்டாமா?

வந்தது நோயல்ல, அதற்கான சாய்வு. சிடிஎல்ஏ4 என்று ஒரு மரபணு, நோய் எதிர்ப்புச் செல்களுக்குப் பிரேக் மாதிரி. அதன் சில வகைகள் அமைந்தவர்களுக்குப் பிரேக் சற்றுத் தளர்வாகவே பிடிக்கும். எச்எல்ஏ மரபணுக்கள் எதை அந்நியம் என்று காட்டிக்கொடுப்பது என்பதில் பங்கெடுக்கின்றன. இவை இரண்டு நோய்க்கும் பொது. டென்மார்க்கில் இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வில், ஒருவருக்கு கிரேவ்ஸ் இருந்தால் ஒரே கருவில் பிரிந்த மற்றவருக்கும் வந்தது சுமார் 35 சதவீதம். தனித்தனிக் கருவில் பிறந்த இரட்டையரில் 3 சதவீதம்தான். மரபணுவின் பலம் இதில் தெரிகிறது. ஆனால் அச்சு அசலாக அதே மரபணு இருந்தும் பெரும்பாலோர் தப்பித்திருக்கிறார்களே, அதைக் கட்டுரையாளர் சொல்லவில்லை. புகை, அளவு மீறிய அயோடின், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் என்று சாய்வைச் சரிவாக்கும் காரணங்கள் வேறு இருக்கின்றன.

இனி அந்த எண். என் முதல் ரிப்போர்ட்டில் ஆன்டி-டிபிஓ என்ற தைராய்டு ஆன்டிபாடி அறுநூற்றுச் சொச்சம், பக்கத்தில் அளவு அதிகம் என்று தடித்த எழுத்தில் ஒரு ‘ஹெச்’. அன்று இரவு நான் தூங்கவில்லை. ஹாஷிமோட்டோவில் சுரப்பியைச் சிதைப்பது முக்கியமாக உள்ளே புகுந்துவிட்ட வெள்ளணுக்களின் அழற்சி. அது நடக்கிறது என்பதற்கு அடையாளம்தான் பெரும்பாலும் இந்த ஆன்டிபாடி. கிரேவ்ஸ் கதை வேறு. அங்கே ஆன்டிபாடியே கள்ளச்சாவி. தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் நுழையவேண்டிய பூட்டில் நுழைந்து, சுரப்பியை ஓயாமல் ஓட விடுகிறது. அதனால் அம்மாவுக்கு அந்தக் கள்ளச்சாவியின் எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் அர்த்தம் இருந்தது. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொன்ன பரிசோதனை நிலையத்தின் ‘பேக்கேஜ்’ வெறும் வியாபாரம். மாத்திரை அளவை முடிவு செய்வது டிஎஸ்ஹெச்.

ஆன்டிபாடி மட்டும் இருந்து டிஎஸ்ஹெச் சரியாக இருக்கும் பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பேருக்கே சுரப்பு குறைந்து நோயாகிறது. இங்கிலாந்தின் விக்கம் பகுதி மக்களை இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்துச் சொன்ன கணக்கு இது. ஆன்டிபாடியோடு டிஎஸ்ஹெச்சும் கூடியிருந்தால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல்.

என் மகளுக்குப் போன வருடம் ஆன்டிபாடி இருப்பது தெரிந்தது. டிஎஸ்ஹெச் சாதாரணம். மாத்திரை தரவில்லை, ஆண்டுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார் டாக்டர். கருத்தரித்தால் மட்டும் உடனே வந்துவிட வேண்டும், பாதிக் காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும் என்று ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அவள் என்னிடம் கேட்டது, “அப்போ நானும் என் பிள்ளைக்குக் கொடுத்துடுவேனாம்மா?” அடுத்த இதழில் அந்தத் தலைப்புக்காகவாவது ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி