பட்டாசு ஆலைகளில் உள்குத்தகை ஒழியட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்பும், விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளிலிருந்து விபத்துச் செய்திகள் வருவது ஓய்ந்தபாடில்லை. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் அறையில் ஆட்களை அமர்த்துவது, மரத்தடியில் வைத்துப் பட்டாசில் வெடிமருந்து செலுத்துவது, உரிமம் பெற்றவர் ஆலையைத் தாமே நடத்தாமல் பிறருக்கு உள்குத்தகைக்கு விடுவது ஆகியவையே திரும்பத் திரும்பக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றுள் உள்குத்தகையே ஆணிவேர் என்பது என் கருத்து. ஏனெனில், போட்ட முதலைச் சில மாதங்களில் எடுத்துவிட நினைக்கும் குத்தகைதாரர், உராய்வைத் தவிர்க்க ரப்பர் விரிப்பு இடுவதையும், கலந்த மருந்தை மீதம் வைக்காமல் அன்றன்றே தீர்ப்பதையும் வீண்செலவாகவே பார்க்கிறார்.

பாதுகாப்பு நடைமுறைகளால் உற்பத்தி குறையும் என்று வாதிடும் உரிமையாளர்கள் (எல்லோரும் அப்படியல்லர்), விபத்துக்குப் பின் உரிமம் நிறுத்தப்பட்டு, தீபாவளி ஆர்டர்கள் கைவிட்டுப் போவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆலை மூடப்பட்டால் உயிர் தப்பிய தொழிலாளிக்கும் கூலியில்லை. செய்த எண்ணிக்கைக்கே கூலி என்ற முறையும் அவரை அவசரப்படுத்துகிறது.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களிலாவது ஆய்வுக் குழுவினர் முன்னறிவிப்பின்றிச் சென்று, உரிமம் பெற்றவரே ஆலையை நடத்துகிறாரா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விருதுநகர்.