ரியோட்டா ஏன் நடுவில் நிற்கிறான்? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி ‘தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ என்ற ஜப்பானியக் கூடைப்பந்து அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டு நீ போனில் கோபப்பட்டது மனதிலேயே நிற்கிறது. “ஹீரோ சகுராகிதானே அக்கா, அவனை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அதே குழுவில் ஆடும் ரியோட்டா மியாகி கதையை எதுக்கு இழுக்கிறாங்க?” என்று கேட்டாய். தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

அந்தப் படத்தை எழுதி இயக்கியது வேறு யாரும் இல்லை, 1990 முதல் 1996 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் அதன் மூலமான ‘ஸ்லாம் டங்க்’ மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, வரைந்த இனோவே தகேஹிகோவேதான். 31 தொகுதிகள் சகுராகியைச் சுற்றி வரைந்த மனிதர் 2022-ல் திரும்பி வந்து ரியோட்டாவை நடுவில் நிறுத்துகிறார் என்றால், அதற்கான இடம் மங்காவிலேயே இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

யோசித்துப் பார். சகுராகி ஏப்ரலில்தான் முதல்முதலாகக் கூடைப்பந்தைத் தொடுகிறான். அவனுடைய ஷோஹோகு பள்ளிக் குழு சான்னோ பள்ளியோடு மோதும், படத்தில் வரும் அந்தப் பெரிய ஆட்டம் நடப்பது ஆகஸ்டில். மொத்தம் நாலு மாதம்! அவன் துள்ளல், வாய், வளரும் வேகம் எல்லாம் நமக்குப் பிடிக்கிறது, ஆனால் அந்த மைதானத்தில் அவனுக்குப் பழைய காயம் என்று ஒன்றும் கிடையாது, வீணாகப் போன வருஷம் கிடையாது. ஒரு விளையாட்டு ஒருத்தன் வாழ்க்கையில் இருந்து எவ்வளவு பிடுங்கிக்கொள்ளும் என்பதை அவனை வைத்துச் சொல்லவே முடியாது. அதனால் அந்தப் பாரம் முழுக்கக் குழுவில் உள்ள மற்றவர்கள் தோளில் ஏறுகிறது, அகாகி, கோகுரே, எல்லாரையும்விட அதிகமாக மிட்சுயி.

மிட்சுயியை எடுத்துக்கொள். நடுநிலைப் பள்ளியில் கனகாவா மாவட்டத்தின் சிறந்த ஆட்டக்காரன். ஷோஹோகுவில் சேர்ந்த முதல் வருஷமே முழங்கால் போகிறது, குழு அவன் இல்லாமலே நகர்கிறது, அதைப் பார்க்கச் சகிக்காமல் விலகி ரௌடிக் கும்பலில் சேர்கிறான். இரண்டு வருஷம் கழித்து அதே ஜிம்முக்குள் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஆட்களோடு நுழைந்து, கூடைப்பந்துக் குழுவையே ஒழித்துக்கட்டப் பார்க்கிறான். அப்புறம் பயிற்சியாளர் ஆன்சாய் கதவருகே வந்து நிற்கும்போது, அத்தனை பேர் முன்னால் மண்டியிட்டு, விளையாட வேண்டும் என்று சொல்லி அழுகிறான். எட்டாம் தொகுதி. நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஆனால் என்னை அதைவிட உலுக்கியது ரியோனன் என்ற இன்னொரு பள்ளியோடு நடக்கும் ஆட்டத்தின் நடுவில் வரும் ஒரு சின்ன இடம். மிட்சுயி சக்தி தீர்ந்து விழுந்துவிடுகிறான், வெளியே அனுப்புகிறார்கள். தாழ்வாரத்தில் கையில் ஒரு பானக் கேனோடு உட்கார்ந்திருக்கிறான், அதைத் திறக்கக்கூட விரலில் வலு இல்லை. வீணடித்த அந்த இரண்டு வருஷம் அப்போது அவன் உடம்பிலேயே தெரிகிறது, நினைத்து நினைத்து அழுகிறான். மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, முடியை வெட்டியாகிவிட்டது, எல்லாரும் சேர்த்துக்கொண்டும் விட்டார்கள், ஆனாலும் ஓடாத ஓட்டத்தை யாரும் திருப்பித் தர முடியாதே. அவன் இடத்தில் இறங்குகிற கோகுரே மூன்று வருஷமும் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவன். அவனைக் காவல் காக்கத் தேவையில்லை என்று எதிரணிப் பயிற்சியாளர் கணக்குப் போட, அவன் நின்ற இடத்திலிருந்து மூன்று புள்ளி போட்டுவிடுகிறான்.

உனக்கு ‘டிராகன் பால்’ மங்காவின் வெஜிட்டாவைப் பிடிக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன். எனக்கும் பிடிக்கும், ஆனால் அவன் கடைசிவரை அந்தக் கதையின் ஹீரோ கோக்குவை வைத்தே தன்னை அளந்துகொள்கிறவன். ஷோஹோகுவில் யாரும் சகுராகியை வைத்துத் தன்னை அளப்பதில்லை. மிட்சுயி போட்டி போடுவது நடுநிலைப் பள்ளி மிட்சுயியோடு. அதனால்தான் சகுராகி பக்கத்தில் இல்லாத பக்கங்களிலும் அவன் முழு ஆளாக நிற்கிறான்.

சரி, ரியோட்டாவுக்கு வருகிறேன். களத்தில் இறங்கும் ஐந்து பேரில் அவனும் ஒருவன், ஆனால் மங்கா அவன் வீட்டு வாசலுக்குப் போனதே இல்லை. 168 செ.மீ. உயரம், வேகம், குழுவின் மேலாளர் அயாகோ மேல் காதல், மிட்சுயியோடு அடிதடி போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது, அவ்வளவுதான் தெரியும். 1998-ல் இனோவே ‘பியர்ஸ்’ என்று ஒரு குறுங்கதை வரைந்தார், அதில் ரியோட்டா என்ற சிறுவன் கடலில் அண்ணனை இழந்தவன். படத்தில் அந்த விதை முளைக்கிறது. ஒகினாவா, கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணன் சோட்டா, அவனுடைய ஏழாம் எண், சிவப்பு ரிஸ்ட் பேண்ட், குகைக்குள் அவன் ஒளித்து வைத்த சான்னோ பற்றிய பழைய இதழ்.

இப்போது அந்த பிரஸ் காட்சியை, அதாவது பந்தை முன்னால் கொண்டுபோக விடாமல் சான்னோ நெருக்கிப் பிடிக்கும் இடத்தை, மறுபடி நினைத்துப் பார். இரண்டாம் பாதியில் குழு பின்தங்கியிருக்க, ரியோட்டா தன்னைவிட உயரமான இரண்டு பேர் நடுவில் மாட்டிக்கொண்டு, பந்தைத் தரையோடு தரையாகத் தட்டி இடுக்கில் புகுந்து வெளியே வருகிறான். மங்காவிலும் இதே ஆட்டம்தான், குள்ளமானவனுக்கு டிரிபிளிங்தான் வழி என்பதும் அங்கேயே இருந்தது. அந்த வழியை அவன் யாரோடு விளையாடிப் பழகினான் என்பது மட்டும் நமக்குத் தெரியாமல் இருந்தது.

இதனால் சகுராகிக்கு என்ன குறைந்தது, சொல்லு? கடைசி நொடியில் பந்து அவன் கைக்குத்தானே வருகிறது, அதுவும் அவனுக்கு பாஸே கொடுக்காத, அதே குழுவின் ருகாவாவிடமிருந்து. மங்காவில் சத்தமே இல்லாத அந்தப் பக்கங்களில் மற்ற எல்லாருடைய வருஷங்களும் சேர்ந்து ஓடிவந்து அந்த நாலு மாதப் பையன் கையில் சேர்வதாகத்தான் எனக்குத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அலமாரியில் இரண்டாவது தட்டில் எல்லாத் தொகுதியும் இருக்கிறது, எட்டில் இருந்து ஆரம்பி. மிட்சுயி கேனோடு உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகி வைத்திருக்கிறேன், அதை மட்டும் எடுத்துவிடாதே.

அன்புடன்,
அக்கா