அரைமண்டியைப் பார்த்துவிட்டுப் பள்ளியில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விஜயதசமி நெருங்கிவிட்டது. உங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நாட்டியப் பள்ளிகளின் 'சேர்க்கை நடைபெறுகிறது' விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. நான் மயிலாப்பூரில் பரதநாட்டிய உடை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். என் மாமனார் தொடங்கிய கடை. இந்த மாதம் முழுக்கக் கடைக்கு வரும் தாய்மார்கள் துணி விலையைக் கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள்: "அக்கா, உங்ககிட்ட எல்லா ஸ்கூல் பிள்ளைங்களும் வர்றாங்களே, எங்க சேர்க்கலாம்னு சொல்லுங்க." எந்தப் பள்ளியின் பெயரையும் நான் சொல்வதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். கடைக்கு வர முடியாதவர்களுக்கும் பயன்படட்டும் என்று அதையே இங்கே எழுதுகிறேன்.

நாட்டிய உடைக்கு அளவெடுப்பது தனி வேலை. பிள்ளையை நிற்க வைத்து உயரம், மார்பு, இடுப்பு எல்லாம் எடுத்துக்கொள்வோம். அப்புறம் அரைமண்டியில், அதாவது முட்டிகளை இரண்டு பக்கமும் விரித்து மடக்கிப் பாதி அளவு தாழும் நிலையில், உட்காரச் சொல்வோம். முன்னால் வரும் விசிறி மடிப்பு அரைமண்டியில்தான் முழுதாக விரியும். அதற்கு எவ்வளவு துணி விடுவது, பைஜாமாவின் கவட்டை எவ்வளவு இறக்குவது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அந்த அரை நிமிடத்தில் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

போன ஆடி மாதம் ஒரே காலையில் இரண்டு பெண் பிள்ளைகள் வந்தார்கள். இருவருக்கும் பத்து வயதிருக்கும். ஒருத்தி பெரிய பெயருள்ள பள்ளியில் படிக்கிறாள். ஆண்டுவிழாவில் மூன்று பாட்டுக்கு ஆடப் போகிறாள் என்று அவள் அம்மா பூரிப்போடு சொன்னார். உட்காரச் சொன்னதும் பிள்ளை பாதங்களை இரண்டு பக்கமும் நன்றாகத் திருப்பிவிட்டாள். ஆனால் முட்டி திரும்பவில்லை, முன்னாலேயே நின்றது. சமாளிக்க முதுகை வளைத்து இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். நாடாவைப் பிடித்திருந்த என் கைக்கே அவள் தொடை நடுங்குவது தெரிந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "முட்டி எப்பவுமே வலிக்கும் ஆன்ட்டி. பழகிடும்னு மிஸ் சொன்னாங்க" என்றாள்.

இன்னொருத்தி கொளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் சின்ன வகுப்பில் கற்றுக்கொள்கிறாள். இரண்டு வருடமாக அடவு என்கிற அடிப்படை அசைவுப் பயிற்சிதான். இப்போதுதான் முதல் ஆட்டமான அலாரிப்பை முடித்திருக்கிறாள். முதன்முதலாகச் சலங்கை கட்டும் சலங்கை பூஜைக்கு முதல் உடை. அவளுடைய அரைமண்டி அப்படியொன்றும் ஆழமில்லை. ஆனால் தொடை இடுப்பிலிருந்தே திரும்பியிருந்தது. முட்டி கால்விரலுக்கு நேராக இருந்தது, முதுகு நிமிர்ந்திருந்தது. நான் நோட்டில் அளவை எழுதி முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்தபடி, உடைக்கு என்ன கலர் வேண்டும் என்று என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். உடம்பைக் கெடுக்காமல் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இப்படித்தான் இருப்பாள்.

அதனால்தான் பெற்றோரிடம் சொல்கிறேன்: ஆண்டுவிழாவைப் பார்த்துப் பள்ளியை முடிவு செய்யாதீர்கள். அங்கே விளக்கும் உடையும் கண்ணை மறைத்துவிடும். அந்த உடைகளைத் தைத்துக்கொடுப்பவளே சொல்கிறேன். சாதாரண ஒரு நாளில், இரண்டாம் அல்லது மூன்றாம் வருடப் பிள்ளைகளின் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். முகபாவத்தையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளைகளின் காலைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, ஆசிரியரின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நல்ல ஆசிரியர் ஒருவருடைய வகுப்புக்கு உடைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். தாளத்துக்கான தட்டுக்கழியால் மனைப் பலகையில் தட்டி, குதிகாலை ஊன்றி ஆடும் நாட்டடவைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் காலம், அதாவது மெதுவான வேகம், சரியாக வந்தது. இரண்டாம் காலத்தில் கடைசி வரிசைப் பையன் ஒருவனின் குதிகால் விழும் இடம் தப்பியது. கழியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார், அவன் எதிரே தரையில் உட்கார்ந்தார். 'காலைத் தொடட்டுமா' என்று கேட்டுவிட்டுப் பாதத்தைப் பிடித்து, குதிகால் எங்கே ஊன்ற வேண்டும், விரல் எங்கே மேல்நோக்கி நிற்க வேண்டும் என்று காட்டினார். அவனுக்குச் சரியாக வந்த பிறகு மறுபடி எல்லாருக்கும் முதல் காலம். மூன்றாம் காலத்துக்கு அன்றைக்குப் போகவே இல்லை. கடைசி வரிசைக்காக வகுப்பையே நிறுத்துகிறவர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடலாம்.

இந்தக் கலையில் தொட்டுத் திருத்த வேண்டியிருக்கும். அதனாலேயே வகுப்பறைக் கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோர் எப்போது வந்தாலும் உள்ளே பார்க்க முடிய வேண்டும். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-லேயே போக்சோ சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் 'பெற்றோர் வெளியே காத்திருக்கவும்' என்று பலகை மாட்டி, கதவைச் சாத்தி வகுப்பு நடத்தும் இடங்கள் இருக்கின்றன. அங்கே சேர்க்க வேண்டாம். எவ்வளவு பெரிய பெயரானாலும் வேண்டாம்.

அடுத்தது தரை. இதை யாரும் கேட்பதே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கான்கிரீட் மேல் டைல்ஸ் ஒட்டிய அறைகளில் இன்று எத்தனையோ வகுப்புகள் நடக்கின்றன. பரதத்தில் கால் தட்டுவது ஓயாது. அந்த அதிர்ச்சியைத் தரை கொஞ்சமும் வாங்கிக்கொள்ளாவிட்டால் எல்லாம் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் முட்டிக்கும்தான் போகும். பைஜாமாவின் கால்பட்டியைப் பொருத்திப் பார்க்கும்போது கணுக்காலில் கட்டுப்போட்ட பிள்ளைகளை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். மரத்தளம் இருந்தால் நல்லது. எல்லாராலும் மரத்தளம் போட முடியாது என்பதும் தெரியும். அப்படியானால் எவ்வளவு நேரம் தொடர்ந்து தட்டவிடுகிறார்கள், ஆரம்பிக்கும் முன் உடம்பைத் தளர்த்தப் பயிற்சி உண்டா என்றாவது கேளுங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடத் தொடங்கும் முன்பே ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிவிடுகிறார். ஆடுகிற அரங்கைக்கூட விடவில்லை: கோல் என்ற அந்தக் கால அளவில் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஏழு ஆண்டு பயின்று 12 வயதில் அரங்கேறுகிற பெண்ணுக்கு என்னென்ன அமைய வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

பலகையில் ஒருவர் பெயர் இருக்கும், சொல்லிக்கொடுப்பது வேறொருவராக இருக்கும். மூத்த மாணவி சொல்லிக்கொடுப்பதில் தப்பில்லை, அப்படித்தான் ஆசிரியர்கள் உருவாகிறார்கள். ஆனால் பெயருக்குரியவர் வாரத்தில் எத்தனை நாள் வகுப்பில் இருப்பார் என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். யாரிடம், எத்தனை வருடம் கற்றார் என்றும் கேளுங்கள். நல்ல ஆசிரியர் தன் குருவின் பெயரைச் சந்தோஷமாகச் சொல்வார்.

பந்தநல்லூரா, வழுவூரா, கலாக்ஷேத்ராவா என்று பாணியைப் பற்றிப் பெற்றோர் மிகவும் குழம்புகிறார்கள். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு அது முதல் கவலையாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பாணியானாலும் அடவு சுத்தமாக வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நடுவில் பள்ளி மாறினால் பாணி உறுத்தும். கையை நீட்டும் விதம், உடலைச் சாய்க்கும் விதம் எல்லாம் வேறு என்று புது ஆசிரியர் முதல் அடவான தட்டடவிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்வார். பிள்ளைக்கு மனசு விட்டுப்போகும். ஆகவே ஆறேழு வருடம் தொடர்ந்து போகக்கூடிய இடமா என்று பாருங்கள். பெரம்பூரில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்துத் திருமயிலை வரை வாரம் இரண்டு நாள் பிள்ளையைக் கூட்டிவரும் ஒரு தாயைத் தெரியும். திரும்பிப் போகும்போது ரயிலில்தான் வீட்டுப்பாடம். மயிலாப்பூர் என்றால்தான் உசத்தி என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். மயிலாப்பூரில் கடை வைத்திருக்கும் நானே சொல்கிறேன், வடசென்னையிலும் தாம்பரம் பக்கத்திலும் அருமையாகச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் எதுவும் சரியில்லை என்று இணையவழி வகுப்பில் சேர்ப்பவர்களும் உண்டு. கொஞ்சம் தேறிய பிள்ளைக்கு அது உதவும். தொடக்கத்தில் வேண்டாம். அங்கே தட்டும் ஓசை இங்கே ஒரு கணம் பிந்தி வரும். ஆசிரியரின் கழியும் பிள்ளையின் காலும் சேரவே சேராது. தாளம் எப்படிப் படியும்?

இனி சொல்லப்போவது எனக்கு மனசில் கனமாக இருக்கும் விஷயம். ஓட்டேரியிலிருந்து ஒரு பெண் வந்தார். காசிமேட்டில் மீன் எடுத்து வியாபாரம் செய்கிறவர். மகளுக்கு ஆட்டம் என்றால் உயிர். ஒரு பள்ளியில் விசாரித்தபோது, "வீட்ல நான்வெஜ் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். "எங்கள மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் இது வராதாக்கா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஆட்டம் யாருடையது? தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியது இசை வேளாளர் குடும்பங்களின் பெண்களும், தாளம் தட்டி ஆட்டுவிக்கும் நட்டுவனார்களும். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று எல்லாப் பள்ளியிலும் நடக்கும் வரிசையை ஒழுங்கு செய்து தந்தவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் அண்ணன் தம்பிகள்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அந்தப் பரம்பரையின் ஆசான்கள் சொல்லிக்கொடுத்துத்தான் மற்ற எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி கற்றதும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான். தேவதாசி மரபில் பிறந்த நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு 1977-இல் பத்ம விபூஷண் கொடுத்து நாடே வணங்கியது. அப்படியிருக்க, சேர வரும் பிள்ளையின் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்க இங்கே யாருக்கு உரிமை இருக்கிறது? கேட்கிற பள்ளியின் படியில் இரண்டாவது முறை கால் வைக்காதீர்கள். நிறத்தையும் பருமனையும் பார்த்துப் பிள்ளையைப் பின்வரிசையில் தள்ளும் இடங்களுக்கும் இதுவே பதில். 'குண்டா இருக்கா, இவளுக்கு மட்டும் டார்க் கலர்ல தைங்க' என்று பிள்ளையின் எதிரிலேயே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

அப்புறம் பணம். மாதக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு எல்லாம் கேட்டாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அரங்கேற்றத்துக்கு என்ன ஆகும் என்று முதல் நாளே கேளுங்கள். சபா அரங்க வாடகை, நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், குழல் எனப் பக்கவாத்தியத்துக்கான தொகை, ஒவ்வொரு ஒத்திகைக்கும் தனியாக, ஒப்பனை, நகை, இரண்டு மூன்று உடை, வீடியோ, அழைப்பிதழ், சாப்பாடு, குருதட்சிணை என்று லட்சங்களில் போய் நிற்கும். கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த நகையை அடகு வைத்தவர்கள் என் கடையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். உடையும் நகையும் குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று பள்ளி சொன்னால் காரணம் கேளுங்கள். தரத்துக்காகச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. கமிஷனுக்காகச் சொல்பவர்களும் உண்டு. அந்தக் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். நான் கொடுப்பதில்லை என்பதால் சில பள்ளிகளின் வேலை என்னிடம் வருவதில்லை. வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது உள்ளே துணி மடித்து விடச் சொல்லுங்கள். பிரித்துவிட்டால் அடுத்த வருடமும் உதவும். அரங்கேற்றமே செய்யாமல் நன்றாக ஆடுகிறவர்கள் நிறையப் பேர். அது ஆட்டத்தின் தகுதிச் சான்றிதழ் இல்லை.

பணம் இல்லாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பரதம், பாட்டு, ஓவியம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. பல மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. ஓட்டேரிப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னபோது, "இப்படியெல்லாம் இருக்குதா?" என்றுதான் கேட்டார். விளம்பரம் கொடுக்கக் காசுள்ள பள்ளிகளின் பெயர்தான் எல்லார் காதிலும் விழுகிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். விஜயதசமிக்கு முந்தைய ஞாயிறு இதழில் இந்த அரசு நிறுவனங்களின் முகவரி, சேர்க்கை வயது, கட்டணம், வகுப்பு நேரம் ஆகியவற்றை ஒரு கட்டத்தில் போட்டு வெளியிடுங்கள். இதைப் படிக்கும் நாட்டிய ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: சேர்க்கைக்கு முன் பெற்றோரை ஒரு நாள் வகுப்பில் உட்கார விடுங்கள், செலவு முழுவதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் வெளியிடும் அந்தக் கட்டத்தை வெட்டி என் கடையில் அளவெடுக்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைக்கிறேன். எங்கே சேர்க்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.

தொழில் சம்பந்தப்பட்ட விஷயங்களையும் எழுதியிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டிய உடை தைக்கும் வாசகி,
மயிலாப்பூர், சென்னை